டேங்க் நிறையும் வரை

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அபார்ட்மெண்டில் ஆறே வீடுகள். மாடிப்படிக்கு அடியில் ஒரு மோட்டார் இருக்கிறது. காலையில் சம்ப்பில் வந்து விழும் கார்ப்பரேஷன் தண்ணீரை மொட்டைமாடி டேங்குக்கு அதுதான் ஏற்றும். போட்டுவிட வேண்டும், நிறைந்ததும் ஓடிப்போய் அணைக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு வீடு என்று முறை. டேங்க் நிறைந்ததும் தானாகவே மோட்டாரை நிறுத்திவிடும் ஆட்டோமேட்டிக் ஒன்றை மாட்டிவிடலாம் என்று நாங்கள் குடிவந்த நாளிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுகிறோம். ஒவ்வொரு கூட்டமும் காபியோடு முடிந்துவிடுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதை மாட்டத் தெரிந்தவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். என் கணவர் கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் எலக்ட்ரிகல் பிரிவில் வேலை பார்ப்பவர். "அடுத்த ஞாயித்துக்கிழமை மாட்டிடுறேங்க" என்று எல்லாருக்கும் வாக்குக் கொடுத்தவர். அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் வரவில்லை.

அதற்காக அவரை நான் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். இப்போது திட்டுவதில்லை. அதற்குக் காரணம் எங்கள் மகள்.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. அரைப்பரீட்சை லீவு முடிந்து பள்ளி திறந்ததும் தினமும் காலையில் வயிற்றுவலி என்பாள். தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டதும் வலி வரும்; வேன் போய்விட்டால் வலியும் போய்விடும். முதலில் நடிப்பு என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் வேனிலேயே வாந்தி எடுத்து, நனைந்த யூனிஃபார்மோடு வாசலில் வந்து நின்றாள். அதற்குப் பிறகு அப்படி நினைக்க எனக்கு மனம் வரவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம், வயிற்றில் ஒன்றுமில்லை. விஷயம் வகுப்பறையில் இருந்தது. ஆளுக்கு ஒரு பத்தியாக வரிசையாக எழுந்து நின்று பாடத்தை வாசிக்க வேண்டுமாம். இவள் முறை வருவதற்கு முன்பே பின்பெஞ்சில் சிரிப்பு ஆரம்பித்துவிடுமாம். "எழுத்து நிக்க மாட்டேங்குதும்மா. நான் பாக்குறப்ப நகருது" என்றாள். அதை என்னிடம் சொல்லவே அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது.

தில்லைநகரில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். அவர் அவளோடு வெகுநேரம் விளையாடினார், படம் வரையச் சொன்னார், வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டார். "புத்தியில ஒரு குறையும் இல்லைங்க. வாசிக்கிறது மட்டும் மெதுவாத்தான் வரும். கொஞ்ச நேரம் படிக்கட்டும், எந்திரிச்சு நடக்கட்டும், திரும்ப வந்து உக்காரட்டும். நடுநடுவுல விடுறதுதான் மருந்து" என்றார். பெரிய செலவில்லாத மருந்தாக இருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன். எவ்வளவு கஷ்டமான மருந்து என்று பிறகுதான் தெரிந்தது.

பொங்கலுக்குப் பிறகு அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. நானே வீட்டில் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். டவுனில் ஒரு பள்ளியில் பல வருஷம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு வேலையை விட்டவள் நான். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவளுக்கு என் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாதா என்ற எண்ணம். கணவருக்கு இதில் இஷ்டமில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "ஜூன் வரைக்கும் பாரு. ஒரு பாடத்த யாரு உதவியும் இல்லாம, எந்திரிக்காம முழுசாப் படிச்சுட்டான்னா வீட்லயே இருக்கட்டும். இல்லேன்னா ஜூன்ல அதே ஸ்கூல்தான். டி.சி. வாங்க வேணாம், சீட்டை அப்படியே வெச்சிருக்கச் சொல்லிடறேன்" என்றார். அவர் கொடுமைக்காரர் இல்லை. பள்ளிக்கூடம் போகாத பிள்ளை என்றால் நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் அவருக்கு. அதே பயம் எனக்கும் இருந்தது, நான் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். மகள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து ஜூன் என்று யார் சொன்னாலும், அது மாம்பழத்தைப் பற்றிய பேச்சாக இருந்தாலும் சரி, அவள் முகம் சுருங்கிவிடும்.

டீச்சர் புத்தி எங்கே போகும்? நடுநடுவே விடுங்கள் என்று டாக்டர் சொன்னதை நான் டைம்டேபிள் போட்டு சுவரில் ஒட்டினேன். தமிழ், இன்டர்வெல், கணக்கு, இன்டர்வெல், இங்கிலீஷ், இன்டர்வெல். மணி அடிக்காமல் எனக்கு எந்த வேலையும் ஓடாது என்பதால் பூஜை மணியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். பீரியட் முடிந்தால் ஒரு மணி, இன்டர்வெல் முடிந்தால் இன்னொரு மணி. நாலைந்து நாள் போயிருக்கும். தரைத்தளத்தில் குடியிருக்கும் மாமி என்னைப் படியில் நிறுத்தினார். கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம் அவர்களுடையது. மாமி பேச்சில் பாதி பெருமாள்தான் இருப்பார்.

"ஏண்டிம்மா, உங்காத்துல ஒரு நாளைக்கு எத்தனை வேளை திருவாராதனம்? கார்த்தாலேர்ந்து மணி சத்தம் கேட்டுண்டே இருக்கே. காதுல விழறச்சே மனசுக்கு என்னமா இருக்கு தெரியுமோ" என்றார்.

அவர் கண்ணில் அப்படி ஒரு மரியாதை. அது இன்டர்வெல் மணி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஏதோ எங்களால முடிஞ்சது மாமி" என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன். மணியைப் பழையபடி சாமி அலமாரியில் வைத்தேன். மறுநாள் முதல் செல்போன் அலாரம்.

மணி மாறியதே தவிரக் கதை மாறவில்லை. ஒரு பத்தி முடித்தால்தான் இன்டர்வெல் என்று சட்டம் போட்டேன். அவள் பத்தியைப் பார்க்கவில்லை, பத்தி எங்கே முடிகிறது என்று பார்த்தாள். நடுவில் தண்ணீர் தாகம் எடுக்கும். பென்சில் மொக்கையாகிவிடும். ஒன்றுக்கு வரும், போய்விட்டு வந்து உட்கார்ந்ததும் மறுபடியும் வரும். சரி, இன்டர்வெல் விட்டாலாவது சந்தோஷமாக இருக்கிறாளா என்றால் அதுவும் இல்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பாள். அடுத்து வரப்போகும் பாடத்தை நினைத்துப் பயந்துகொண்டு நிற்கும் நேரத்துக்கு நான் இன்டர்வெல் என்று பெயர் வைத்திருந்தேன். அலாரம் அடித்ததும் அவள் தோள் இரண்டும் கீழே இறங்கும். அதைப் பார்த்தால் எனக்குப் பாவம் என்றுதான் தோன்றியிருக்க வேண்டும். எனக்கோ கோபம் வரும். யார்மேல் என்று தெரியாமல் வருகிற கோபமெல்லாம் கடைசியில் பிள்ளைமேல்தான் போய் விழும்.

"எத்தனை தடவைதான்டி எந்திரிப்ப?" என்று ஒரு நாள் கத்தியேவிட்டேன்.

அவள் அழவில்லை. யோசித்துவிட்டு, "பெருமாளுக்கே நடுவுல நடுவுல நடை சாத்துறாங்க. இத்தனைக்கும் அவரு படுத்துக்கிட்டேதான இருக்காரு" என்றாள்.

நான் அடுப்படிக்குள் போய்ச் சிரித்துவிட்டு, முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். நியாயமான கேள்விதான். டைம்டேபிளில் அதற்குப் பதில் இல்லை.

மார்ச் மாதம் மோட்டார் முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. வந்த முதல் வாரமே நான் படியில் கால் மடங்கி விழுந்து, கணுக்கால் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது. கணவர் காலையிலேயே கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விடுவார். சம்ப்பில் தண்ணீர் அதற்குப் பிறகுதான் நிறையும். வேறு வழியில்லாமல் மகளை அனுப்புவது என்று முடிவானது. முந்தின நாள் சாயங்காலம் அவர் அவளைக் கீழே கூட்டிப்போய்ப் பாடம் நடத்தினார். "கை ஈரமா இருக்கக் கூடாது. செருப்பு போட்டுக்கணும். பச்ச பட்டன் போடுறதுக்கு, செவப்பு அணைக்கிறதுக்கு. வேற எதையும் தொடக் கூடாது. எங்க, திரும்பச் சொல்லு" என்றார். அவள் ஒரு சொல் பிசகாமல் திரும்பச் சொன்னாள். அவள் எதையாவது திக்காமல் சொல்லிக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முதல் நாள் அவள் மோட்டாரைப் போட்டுவிட்டு மேலே வந்து உட்கார்ந்தாள். நான் காலை நாற்காலிமேல் தூக்கி வைத்திருந்ததால் அதிகாரம் செய்ய முடியாத நிலை. நாலு வரி வாசித்தாள். "டேங்க் எவ்வளவு வந்திருக்குன்னு பாத்துட்டு வரேம்மா" என்று மொட்டைமாடிக்கு ஓடினாள். மூச்சு வாங்கத் திரும்பி வந்து, "பாதிகூட வரலை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். உட்கார் என்று நான் சொல்லவில்லை. விட்ட இடத்தில் விரலை வைத்துத் தொடர்ந்தாள். மறுபடி எழுந்து ஓடினாள், மறுபடி வந்தாள். கடைசியில் கீழே போய் அணைத்துவிட்டு வந்தபோது அந்தப் பக்கம் முடிந்திருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாளும் அப்படியே நடந்த பிறகுதான் கொஞ்சம் புரிந்தது. அவள் இப்போது பாடத்துக்குத் தப்பித்து எழுந்து போகவில்லை. அவளுக்கு ஒரு வேலை இருந்தது. அந்த வேலைக்குப் போனாள். டேங்க் நிறையும் வரை காத்திருக்க வேண்டும், காத்திருக்கிற நேரத்தில் படித்தாள்.

இதை நான் கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். கால் வீங்கியதால் வந்த வாழ்வு அது. அலாரத்தை எடுத்துவிட்டேன். சுவரில் ஒட்டிய டைம்டேபிளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் அவள் மோட்டார் படம் வரைந்தாள்.

மாடிக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு செய்தி கொண்டுவருவாள். கோபுரத்தில் கிளி உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்குப் புழுதியில் மலைக்கோட்டையே தெரியவில்லை. எதிர்வீட்டு மொட்டைமாடியில் ஒருவர் செல்போனைப் பார்த்துக்கொண்டே வாக்கிங் போய்க் கொடிக்கம்பியில் முட்டிக்கொண்டார். சொல்லி முடித்ததும் புத்தகத்தை இழுத்துக்கொள்வாள். சில நாள் குழாயில் காதை வைத்துக் கேட்பாள். தண்ணீர் ஏற ஏறச் சத்தம் மெலிசாகும் என்றாள். இரண்டு வாரத்தில், மாடிக்குப் போகாமலே சுவரில் காதை வைத்து "முக்கால் டேங்க்" என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டாள். போய்ப் பார்த்தால் முக்கால்தான் இருக்கும். சரியாகச் சொல்வது என்ற சுகம் அந்தப் பிள்ளைக்கு வெகுநாள் கிடைக்காமல் இருந்தது.

மாதம் முடிந்து முறை எதிர்வீட்டுக்குப் போக வேண்டும். அவர்கள் புதிதாகக் கல்யாணமானவர்கள், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். "நாங்களே பாத்துக்கறோம்னு சொல்லும்மா" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் போய்ச் சொன்னேன். அந்தப் பெண் சரி என்று தலையாட்டிய வேகத்தைப் பார்த்ததும், அவர்கள் முறை வந்த மாதங்களில் எங்கள் டேங்க் ஏன் பாதி நாள் காலியாகக் கிடந்தது என்று புரிந்தது. அதிலிருந்து மோட்டார் நிரந்தரமாக எங்கள் மகளுடையது. அபார்ட்மெண்டில் அவளுக்கு மோட்டார் மேடம் என்று பெயர். அவள் பொறுப்பேற்ற பிறகு டேங்க் ஒரு நாளும் காலியாகவில்லை, ஒரு நாளும் வழியவில்லை.

ஆனால் ஜூன் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மூச்சில் அரைப் பக்கம் வாசித்தவள் ஒரு பக்கம் வாசித்தாள். அதற்கு மேல் போகவில்லை. எழுந்து போய்விட்டு வந்தால் இன்னொரு பக்கம். முழுப் பாடத்தை எழுந்திருக்காமல் படித்தது கிடையாது. கே.கே. நகரிலிருந்து நாத்தனார் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். "அண்ணி, ஜூன்ல போயிடுவால்ல? இப்பவே லேட்டாயிடுச்சு, பிள்ளைங்க கூடப் பழகாமப் போயிடப்போறா" என்பாள். நல்ல மனசுதான், எனக்கு எரிச்சல்தான் வரும். அண்ணனிடம் கொடு என்பாள். அவர் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

மே மாதம் ஒரு நாள் அவர் லீவு போட்டு வீட்டில் இருந்தார். காரணம் சொல்லவில்லை. அவள் படிக்க உட்கார்ந்ததும் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி மாதிரி எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அப்பா உட்கார்ந்திருப்பதாலேயே அவளுக்கு நாக்கு குழறியது. ஒரு பத்தி வாசித்தாள், எழுந்து மாடிக்குப் போனாள். வந்தாள். இன்னொரு பத்தி, மறுபடி போனாள். அன்றைக்கு டேங்கை இத்தனை முறை பார்க்க வேண்டிய அவசியமே இல்லை என்று எனக்குத் தெரியும். அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் போய்க்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அவள் கீழே விளையாடப் போனதும் அவர் ஆரம்பித்தார். "நீ படிக்க வெச்சிருக்கியா, இல்ல மோட்டார் ஆபரேட்டர் ஆக்கப்போறியா? பத்திக்கு ஒரு தடவை எந்திரிச்சுப் போறா. இப்படிப் பழகிட்டு நாளைக்குப் பரீட்சை ஹால்ல என்ன பண்ணுவா?"

"போயிட்டுத் திரும்பி வந்து உக்காருறால்ல. முன்னாடி அதுவும் இல்லைங்க."

"திரும்பி வர்றது ஒரு படிப்பா?"

"அவளுக்கு அதுதாங்க படிப்பு. உங்களுக்கு அது தெரியல. நாற்காலியப் போட்டு எதிர்ல உக்காந்தா எனக்கே கணக்கு வராது" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஜூன்ல அதே ஸ்கூல் என்பது அவர் போன வேகத்திலேயே தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. அவள் வாந்தி எடுத்து வந்து நின்ற கோலம் கண்முன் வந்தது. மறுபடியும் அதைப் பார்க்க என்னால் முடியாது.

அதற்கடுத்த சனிக்கிழமை அவருக்கு விடுமுறை. வெயில் காலையிலேயே சுட்டெரித்தது. அவள் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து, பிரிட்ஜில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, லைப்ரரியிலிருந்து எடுத்துவந்த கதைப் புத்தகம் ஒன்றை விரித்தாள். மெல்லிய புத்தகம்தான், ஆனால் பாடப்புத்தகத்தில் வரும் எந்தப் பாடத்தையும்விடப் பெரியது. ஓர் ஆடு புல் மேய்ந்துகொண்டே தவறுதலாகக் கூட்ஸ் வண்டியில் ஏறிவிடுகிறது. வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நிற்கிறது. ஆடு இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் கிளம்பிவிடுகிறது. இவ்வளவுதான் கதை. நான் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து செல்போனில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

கொத்தவரங்காய் முடிந்து தேங்காயைக் கையில் எடுத்தபோதுதான் கவனித்தேன். அவள் எழுந்திருக்கவே இல்லை. விரல் வரிக்குக் கீழே நகர்ந்துகொண்டிருந்தது, உதடு அசைந்துகொண்டிருந்தது. ஒரு பக்கத்தைப் புரட்டினாள். இன்னொரு பக்கத்தையும் புரட்டினாள். நான் தேங்காயைத் துருவாமல் அப்படியே மடியில் வைத்துக்கொண்டேன்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. டேங்க் நிறைந்திருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எழுந்து ஓடுவாள். நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் வீட்டின் பின்பக்கம் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அவர் தலையைத் தூக்கினார். "மோட்டா..." என்று ஆரம்பித்தவரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தேன். கண்ணாலேயே மகளைக் காட்டினேன். அவர் அவளைப் பார்த்தார். எழுந்திருக்கப் போனவர் மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார். ஊஞ்சல் கிறீச்சிடாமல் இருக்கக் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டார். ஆறு வீட்டுத் தண்ணீர் வீணாகக் கொட்டுகிறது, இரண்டு பேரும் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம். தண்ணீரை வீணாக்கினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அன்றைக்கு அந்தச் சத்தம் இன்னும் கொஞ்ச நேரம் கேட்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வாசல் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. திறந்தால் மாமி. மடிசார் முழங்கால் வரை நனைந்திருந்தது.

"ஆத்துல இருந்துண்டேவா இப்படி? அடுப்படியில தளிகை பண்ணிண்டு இருந்தேன், மழை பேயறதுன்னு நெனச்சேன். மே மாசத்துல ஏதுடி மழைன்னு வந்து பாத்தா, என் வடாம் அத்தனையும் தீர்த்தமாடிண்டு இருக்கு. விடிகார்த்தால எழுந்து பிழிஞ்சது. கொழந்தை கரெக்டா அணைச்சுடுவான்னு நம்பித்தானே அந்தக் குழாய்க்கு அடியிலயே வேஷ்டிய விரிச்சேன்."

வடாம் விஷயம் எங்களுக்குத் தெரியாது. கணவர் செருப்புகூடப் போடாமல் கீழே பறந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் முகம் என் பேச்சைக் கேட்கவில்லை.

"சிரிக்கறயே" என்றார் மாமி.

"இல்ல மாமி, தப்புதான் மாமி" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன், கண்ணிலிருந்தும் வழிந்துகொண்டிருந்தது. மாமி குழம்பிப்போய் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். இத்தனை அமளியிலும் அவள் தலையைத் தூக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் விரல் போய்க்கொண்டிருந்தது.

மோட்டார் நின்றது. அவர் மேலே ஏறி வந்து மாமிக்குப் பின்னால் நின்றார், பாதம் இரண்டும் சொட்டச் சொட்ட. அவள் புத்தகத்தை மூடினாள்.

"அம்மா, ஆடு இறங்கிடுச்சு" என்றாள். அப்புறம்தான் வாசலில் நின்ற மூன்று பேரையும் பார்த்தாள். முகம் வெளுத்தது. "ஐயோ, மோட்டார்."

அவர் உள்ளே வந்து அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "நடுவுல எந்திரிக்கலையா நீ?"

"மறந்துட்டேம்பா. இனிமே மறக்க மாட்டேன்" என்றாள். அழத் தயாராக இருந்தாள்.

"பரவால்ல" என்றார் அவர். புத்தகத்தை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார். "ஆடு எந்த ஸ்டேஷன்ல இறங்குச்சு?" என்று கேட்டார். அவள் சொல்ல ஆரம்பித்தாள்.

மாமிக்கு என்ன புரிந்ததோ தெரியாது. வாசலில் கொஞ்ச நேரம் நின்று ஆட்டுக் கதையை முழுக்கக் கேட்டார். "போறது போ, மாவு மிச்சம் இருக்கு. ஆனா நாளைக்கு விடிகார்த்தால மூணு பேரும் வந்து பிழிஞ்சு குடுக்கணும், சொல்லிட்டேன்" என்று படியிறங்கினார். சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை விடியலில் நாங்கள் பின்கட்டில் இருந்தோம். என் கணவர் பிழிந்த வடாம் ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. மாமி அதைத் தனியாக ஒரு தட்டில் போட்டு, "இது உங்காத்துக்கு" என்றார்.

அந்த வாரம் முழுக்க அவர் ஜூனைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். ஒரு நாள் படித்துவிட்டாள் என்பதற்காக மனம் மாறிவிடுமா, அதுவும் அது பாடமில்லை, கதைப் புத்தகம்தானே என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் மொட்டைமாடியில் அபார்ட்மெண்ட் கூட்டம். முதல் விஷயமே வடாம்தான். மாமி நேராக என் கணவரைப் பார்த்தார். "இனிமே தாங்காது. அந்த ஆட்டோமேட்டிக்க மாட்டிடுங்கோ. நீங்க கண்ண மூடிண்டு மாட்டிடுவேள்."

எல்லாரும் ஆமாம் என்றார்கள். எங்கள் மகள் டேங்குக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். ஆட்டோமேட்டிக் வந்துவிட்டால் தன் வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஒரு முறை அவளைத் திரும்பிப் பார்த்தார். வழக்கம்போல அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்பார் என்று நான் எதிர்பார்த்தேன். "ஒரு வருஷம் போகட்டுங்க மாமி. அதுவரைக்கும் எங்க வீட்டுலயே பாத்துக்கறோம்" என்றார்.

"என்ன சொல்றேள் நீங்க? ஜூன்ல ஸ்கூல் திறந்துடும். கார்த்தாலவேளையில யாரு போடுவா?"

"அவதான் போடுவா. அவ வீட்லதான் இருப்பா" என்றார். பிறகு, "வடாம் காயப்போடுற அன்னிக்கு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க. நான் லீவு போட்டு டேங்க் பக்கத்துல நிக்கிறேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

என் கையில் காபித் தட்டு இருந்தது. அதை யாரிடமாவது கொடுத்துவிட்டு உட்கார வேண்டும்போல் இருந்தது. என்னிடம் சொல்லாததை ஆறு வீட்டின் முன்னால் சொல்லிவிட்டார். சண்டை போடவேண்டிய விஷயம்தான், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் கலைந்ததும் மெதுவாக வந்து அவர் சட்டை நுனியைப் பிடித்தாள்.

"அப்பா, அப்ப ஜூன்ல?"

"ஜூன்லயும் ஆறு வீட்டுக்கும் தண்ணி வேணும்ல" என்றார்.

பள்ளி திறந்த நாள் காலையில் தெருமுனையில் அதே வேன் ஹாரன் கேட்டது. நான் கரண்டியை வைத்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அடுப்படித் துண்டில் கையைத் துடைத்தாள், ஈரமில்லை என்று திருப்பிப் பார்த்துக்கொண்டாள், செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனாள். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து புத்தகத்தை விரித்தவள், "அம்மா, தமிழ்ல ரெண்டாவது பாடத்துக்கு இன்னிக்கு ஒரே ஒரு இன்டர்வெல்தான் எடுப்பேன்" என்றாள். மூன்று முறை எடுத்தாள். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தாள்.